ஜொன்னம்மாவின் வீடு

எந்தப் பெட்டியைச் செய்து முடித்தாலும் அண்ணாச்சி முதலில் தன் தலையை அதற்குள் விட்டுப் பார்ப்பார். தலை நுழையாத பெட்டியாக இருந்தால் தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே பார்ப்பார். கோழிக்கூடு செய்தாலும் அப்படித்தான், கடிதப்பெட்டி செய்தாலும் அப்படித்தான்.

"வெளிய நின்னு பாத்தா எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் இருக்கும் தம்பி. உள்ள கெடக்கப் போறது நாம இல்லல்லா?"

"கடுதாசிக்கு என்ன கஷ்டம் அண்ணாச்சி?"

"சாரல் அடிக்குதான்னு பாக்க வேண்டாமா? ஒருத்தி அழுதுக்கிட்டே எழுதுன கடுதாசியா இருந்தா? எல்லாரும் எட்டிப் பாக்குற மாதிரியா வைக்கது?"

செகந்திராபாத்துக்கு வெளியே, ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் என் வீட்டை ஒட்டிய வீடு அவருடையது. தொழிற்சாலையில் அவருக்கு பேட்டர்ன் ஷாப்பில் வேலை. உருக்கை ஊற்றி வார்க்கிற எந்தப் பாகத்துக்கும் முதலில் மரத்தில் ஒரு மாதிரி வேண்டும். அந்த மாதிரியை மணலில் பதித்து எடுத்து, பதிந்த குழியில்தான் உருக்கை ஊற்றுவார்கள். மரத்தில் மாதிரி செய்கிறவர்களில் அவர் மூத்தவர். அவர் செய்த இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் நகம் நுழையாது என்று ஷாப்பில் சொல்வார்கள். அது அவர் காதுக்கு எட்டும்படி சொன்னால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். அவருக்கு இருந்த ஒரே கர்வம் அது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தாளில் இருக்க வேண்டியது என் பெயர். அந்தத் தாளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எம்.ஏ. படித்துவிட்டு நிர்வாக அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். அவருக்கு நாற்பத்தைந்து இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் நெல்லைத் தமிழ், நடுநடுவே ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று அந்த ஊர் உருது. குழந்தைகள் இல்லை. அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால், கதவைத் திறந்தால் மறைந்துவிடுகிற மூலையில், மதினிக்கு ஓர் உட்காரும் பலகையும் ஒரு சின்னத் தட்டும் செய்து கொடுத்திருந்தார். விருந்தாளிகள் வந்து பேசிக்கொண்டே இருந்தால் மதினி காப்பி போடுவதாகச் சொல்லிவிட்டுப் போய் அங்கே உட்கார்ந்து வாரப்பத்திரிகை படிப்பார். காப்பி வர ஏன் இவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால் அண்ணாச்சி, "பால் கொதிக்கணும்லா" என்பார்.

"ஒளிய எடமில்லாத வீடு வீடா? எக்சிபிஷன்" என்பது அவர் வாக்கியம். நான் கேட்டதிலேயே அதிகமுறை அவர் சொன்னது அதுதான்.

அவர் வீட்டுக்கு ஒரு பாம்பு வந்தது, செகந்திராபாத் பக்கத்துத் தார்நாகாவிலிருந்து. அங்கே ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கர் இவருடைய தேவாலயத்துக்கு வருவார். அவருக்குப் புத்தக அலமாரி செய்து கொடுத்துப் பழக்கம். இரண்டு வருடம் முடிந்து ஊர் திரும்பும்போது, அவர் மகள் வளர்த்த பாம்பை எடுத்துப்போக முடியவில்லை. அந்தப் பெண் அழுதாளாம். இவர் ஒரு துணிப்பையில் போட்டு, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சோளப் பாம்பு. அவர்கள் ஊரில் சோளக் களஞ்சியங்களில் எலி பிடிக்க வருமாம். விஷம் கிடையாது. இரண்டரை அடி நீளம், என் விரல் பருமன். ஆரஞ்சு நிற உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு. வயிற்றைத் திருப்பினால் சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையும். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் சோளத்தின் பெயரையே வைத்து ஜொன்னம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

மதினி முதல் நாள் வாசற்படியிலேயே மறித்துவிட்டார். "ஏதேன்ல ஒருத்தியக் கெடுத்தது போதாதுன்னு என் வீட்டுக்கும் கூட்டியாந்துட்டியளாக்கும்?"

"அந்தப் பாம்புக்கு ஒளிய ஒரு எடம் இருந்திருந்தா அது ஏன் ஏவாள்ட்ட வந்து பேச்சுக் கொடுக்கப் போவுது" என்றார் இவர்.

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் மறுக்க முடியவில்லை.

அவர் ஜொன்னம்மாவுக்குச் செய்த முதல் வீடு தோற்றுப்போனது. அதைத்தான் எல்லோரும் பாராட்டினோம். நான்கு பக்கமும் கண்ணாடி, தேக்குச் சட்டம், நடுவில் கொய்யாக் கிளை, கீழே ஷாப்பிலிருந்து கொண்டுவந்த வாசனையான மரச்சீவல். எங்கள் வரிசையே வந்து பார்த்தது. அந்தக் கூட்டத்தில் அவர் தலையை விட்டுப் பார்க்க மறந்துவிட்டார். ஜொன்னம்மா மூன்று வாரம் எதுவும் தின்னவில்லை. மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு மூலைக்கு மூலை அலைந்தது. நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் ஆராதனைக்குக்கூடப் போகாமல், பாம்பைப் பையில் விட்டுவிட்டு, தன் தலையை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைத்து வெகுநேரம் படுத்திருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"தம்பி, நீங்க நிக்கியள்லா? எந்தப் பக்கம் திரும்புனாலும் நீங்கதான் தெரியுதிய" என்றார் பெட்டிக்குள்ளிருந்து. "நாலு பக்கமும் நாத்தனார் நிக்க மாதிரி இருக்கு."

அன்றே பிரித்துவிட்டார். இரண்டாவது வீடு மூன்று பக்கமும் மரம். முன்பக்கம் மட்டும் நடுவில் ஒரு ஜன்னல். அதில் ஒரே கண்ணாடி, மேலும் கீழும் வெட்டிய பள்ளங்களில் பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. கண்ணாடியின் விளிம்புகளைத் தானே எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். "உரசிக்கிட்டுப் போவும், அறுத்துரக் கூடாது." மேலே காற்றுக்குத் துளைகள், கம்பிவலை. ஒரு கோடியில் வலைக்கூண்டுக்குள் நாற்பது வாட் பல்பு, மறு கோடியில் குளிர்ச்சி. இரண்டு கோடியிலும் கவிழ்த்த பானை ஓடு ஒவ்வொன்று. ஒரே ஓடு வைத்தால், குளிருக்கு ஒளிவதா பயத்துக்கு ஒளிவதா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், அந்தச் சங்கடம் அதற்கு எதற்கு என்றார். மரச்சீவலுக்குப் பதில் காய்ந்த இலையும் தேங்காய் நார்த்தூளும். கவிழ்க்க முடியாத கல்தொட்டியில் தண்ணீர். பின்சுவரில், குடியிருப்புக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகளைப் போலவே மரத்தில் செதுக்கி, சாம்பலும் காவியும் பூசி ஒட்டினார். அழகான வீடுதான். ஆனால் வந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். பாம்பு தெரியாது. எப்போதாவது பானை ஓட்டுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு மட்டும் தெரியும்.

எட்டாம் நாள் ஜொன்னம்மா சுண்டெலி தின்றது. மதினி தெருவுக்கெல்லாம் சொன்னார்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், ஆணியில், ஓர் எஃகு அளவுகோல் தொங்கும். ஒருமுறை மதினி அதை எடுத்து ஜன்னல் திரைக்கு அளக்கப் போனார். அண்ணாச்சி வாங்கி மாட்டிவிட்டு தையல் டேப்பைக் கையில் கொடுத்தார். "இதால அளந்தியன்னா திரை குட்டையாப் போவும்." நான் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ கேலி என்று நினைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. படித்தவனுக்குக் கேட்கும் பழக்கம் குறைவு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மா திருச்சியில் இறந்துபோனதாக அலுவலகத்துக்குத் தந்தி வந்தது. ரயில் பிடிக்க செகந்திராபாத் போக வேண்டும். கம்பெனிப் பேருந்தில் தெரிந்த முகங்களாக இருந்தன. அவர் ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு என்னோடு ஏறினார். ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, பக்கத்தில் அமர்ந்து, யாரிடமோ ஒரு செய்தித்தாளை வாங்கி இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டார். அதற்கு இந்தப் பக்கம் நான் அழுதேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் கையை இறக்கவில்லை, பக்கமும் திருப்பவில்லை. இறங்கும்போதுதான் பார்த்தேன், அது தெலுங்குச் செய்தித்தாள். அவருக்குத் தெலுங்கு பேச வருமே தவிர படிக்க வராது.

இப்படிப்பட்டவருக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மதினியின் தங்கை மகள் கல்யாணத்துக்கு இருவரும் பத்து நாள் திருநெல்வேலி போனார்கள். சாவி என்னிடம். "தண்ணி மாத்துங்க, சாயங்காலம் பல்பைப் போடுங்க. வேற ஒண்ணும் செய்ய நக்கோ. ஓட்டைத் தூக்கிப் பாத்துராதிய. வெளிய வரலன்னா அது சொகமா இருக்குன்னு அர்த்தம்."

எங்கள் பிரிவு அதிகாரிக்கு அந்தப் பாம்பைப் பார்க்க ஆசை. எனக்கு அவரிடம் நல்ல பெயர் வாங்க ஆசை. ஆறாம் நாள் அவரையும் அவர் மனைவியையும் அழைத்துவந்தேன். பாம்பு தெரியவில்லை. "எங்கேய்யா, காலிப் பெட்டியைக் காட்டவா கூட்டி வந்தே?" என்று அவர் சிரித்தார். நான் சாவிக்கொத்தால் கண்ணாடியைத் தட்டினேன். வரவில்லை. இன்னும் வேகமாகத் தட்டினேன். அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை தட்டியதில் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது.

அதிகாரி கிளம்பும்போது, "புதுசு போட்டுரு. நாங்க வந்ததைச் சொல்லாதே" என்றார்.

சுவரிலிருந்த எஃகுக் கோலை எடுத்து ஜன்னலை அளந்தேன். அகலம் ஐந்நூற்று எண்பத்தெட்டு மில்லிமீட்டர். என்ன விசித்திரமான அளவு என்று ஒரு கணம் தோன்றியது. கடைத்தெருவில் கண்ணாடிக்காரர் தன் டேப்பால் அளந்து ஐந்நூற்று எண்பத்தெட்டு வெட்டிக் கொடுத்தார். கொண்டுவந்து பொருத்தினால், ஓரத்தில் ஒரு விரற்கடை இடைவெளி. உயரத்திலும் குறைந்திருந்தது, அது பள்ளத்துக்குள் மறைந்துவிட்டது. கடைக்காரர்தான் தப்பாக வெட்டிவிட்டார் என்று அவரைத் திட்டிக்கொண்டே, செய்தித்தாளை மடித்து இடைவெளியில் செருகினேன். மறுபடி கடைக்குப் போயிருக்கலாம். அலுப்பாக இருந்தது.

மறுநாள் காலை செய்தித்தாள் தரையில் கிடந்தது.

இரண்டு பானை ஓடுகளையும் தூக்கிப் பார்த்தேன். அலுவலகம் போகாமல் வீடு முழுக்கத் தேடினேன். பத்து மணிக்குப் பின்வரிசையில் கூச்சல் கேட்டு ஓடினேன். ஒரு வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் அது நுழைந்திருந்தது. அந்த வீட்டுக்காரம்மா மாசமாக இருந்தவர், பயந்து ஓடியதில் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்ந்திருந்தது. "ரக்தபிஞ்சரி, ரக்தபிஞ்சரி" என்று தெலுங்கில் கத்தினார்கள். கண்ணாடிவிரியனுக்கு அவர்கள் பெயர் அது. செங்கல் நிறத் திட்டுகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஜொன்னம்மா என்று அதைத் தெரிந்த எதிர்வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். காவலாளி கழியோடு நின்றார். இன்னொருவர் கம்பியை விட்டுக் கல்லுக்கடியில் குடைந்துகொண்டிருந்தார்.

அடிக்கவில்லை அப்போது. குடைந்துகொண்டுதான் இருந்தார்கள். "அது விஷமில்லாதது, எங்கள் பாம்பு, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொன்னால், எப்படி வெளியே வந்தது என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் கண்ணாடி, கண்ணாடியைச் சொன்னால் அதிகாரி. நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது அது வெளியே வந்தது. கழியால் நான்கு அடி.

அவர்கள் ஊரிலிருந்து திரும்பியதும், பெட்டி சரியாக மூடியிருக்கவில்லை போலிருக்கிறது, எப்படியோ வெளியே போய்விட்டது, பின்வரிசையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றேன். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டார். அண்ணாச்சி பெட்டியின் முன் மண்டியிட்டார். கண்ணாடியின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். தேய்க்காத விளிம்பு, விரலில் கோடாக ரத்தம் வந்தது. விரலைச் சட்டையில் துடைத்தார். சுவரிலிருந்த கோலை எடுத்து இடைவெளியில் வைத்துப் பார்த்தார். பிறகு கோலை எடுத்த இடத்திலேயே மாட்டினார்.

"சரி தம்பி" என்றார். "ஊர்லேந்து அல்வா கொண்டாந்திருக்கு. எடுத்துட்டுப் போங்க."

பின்வரிசைக்காரர்கள் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்தார்கள். அவரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போனது. தட்டச்சு செய்தது நான், கையெழுத்திட்டவர் அந்த அதிகாரி. இரண்டு நாளில் அண்ணாச்சி ஒரு தாளை எழுதி எடுத்துவந்து, ஆங்கிலம் சரியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். அவர் எழுதியிருந்தது இது: பெட்டியின் கண்ணாடிக் கதவை நானே செய்தேன், அளவு எடுத்ததில் தவறு நேர்ந்து இடைவெளி விட்டுவிட்டது, முழுப் பொறுப்பும் என்னுடையது, வருந்துகிறேன். அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தையைத் திருத்திக் கொடுத்தேன். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. அவர் உண்மையிலேயே அப்படி நம்புகிறார் என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணுவது வசதியாக இருந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து பேட்டர்ன் ஷாப்பில் சார்ஜ்மேன் என்கிற மேற்பார்வைப் பதவி காலியானது. அது அவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மதினி தெரிந்தவர்களிடமெல்லாம் ஜெபிக்கச் சொல்லியிருந்தார். நேர்காணல் குழுவில் நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். ஆங்கிலமும் இந்தியுமாகத்தான் நடந்தது. வார்ப்புப் பிரிவிலிருந்து வந்திருந்த பெரிய பொறியாளர் கோப்பைப் புரட்டி, அந்த விளக்கத் தாளில் நிறுத்தினார்.

"பாம்புப் பெட்டியா? அளவு தவறிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தவறியது?"

"பன்னிரண்டு மில்லிமீட்டர் சார்."

"எத்தனைக்கு?"

"அறுநூற்றுக்கு."

பொறியாளர் பேனாவைக் கீழே வைத்தார். "நூற்றுக்கு இரண்டு. அப்படியென்றால் கான்ட்ராக்ஷன் ஸ்கேலால் அல்லவா அளந்திருக்கிறீர்கள்?"

மற்ற இரு உறுப்பினர்களுக்கும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். உருக்கு ஆறும்போது நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கும். அதனால் மர மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமலிருக்க, கோடுகளையே அவ்வளவு தள்ளிப் போட்ட தனிக் கோல் ஒன்று வைத்திருப்பார்கள். அந்தக் கோலால் உண்மையான அறுநூறை அளந்தால் ஐந்நூற்று எண்பத்தெட்டு என்றுதான் காட்டும்.

என் பேனா நின்றுவிட்டது.

"முதல் மாதம் வேலைக்கு வந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்" என்றார் பொறியாளர். "இருபது வருடம் அந்தக் கோலைப் பிடித்த நீங்களா செய்தீர்கள்?"

அண்ணாச்சி என் பக்கம் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு, "ஹவ் சார்" என்றார்.

குழுவில் ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் குறிப்பில் எழுதினேன்: தவறை ஒப்புக்கொண்டார்.

பதவி வேறொருவருக்குப் போனது. ஷாப்பில் கொஞ்ச காலம் அவர் காதுபட ஸ்ஸ் என்று பாம்பைப்போல் சீறிக் காட்டினார்கள். நகம் நுழையாது என்று யாரும் சொல்லவில்லை.

நேர்காணல் நடந்த அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பின்கட்டில் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, அந்தக் கண்ணாடி" என்று ஆரம்பித்தேன். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு இழைப்புளியை வேகமாகத் தள்ளினார். சரக் சரக்கென்று அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் நிறுத்தியதும் அவரும் நிறுத்தினார்.

"டீ குடிக்கியளா தம்பி?"

பேருந்தில் விரித்துப் பிடித்த செய்தித்தாள் எனக்கு நினைவு வந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே நான் கத்திச் சொல்லியிருக்க வேண்டும். "சரி அண்ணாச்சி" என்றேன். மதினி தேநீர் கொண்டுவந்தார். குடித்தேன்.

பணி ஓய்வு பெற்று, செகந்திராபாத்தில் மாரெட்பள்ளிக்குப் போகும்போது அந்தப் பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். "புத்தகம் வச்சுக்கிடுங்க. பூச்சி வராது." வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கவனித்தேன். கண்ணாடியை அவர் மாற்றவில்லை. நான் வாங்கிப் போட்ட கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, ஓரத்து இடைவெளியில் ஒரு தேக்குச் சட்டம் இழைத்துப் பொருத்தியிருந்தார். சாதாரணக் கோலால் அளந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர். சேரும் இடத்தில் நகம் நுழையவில்லை. உள்ளே இரண்டு பானை ஓடும் அப்படியே இருந்தன.

மாரெட்பள்ளிக்கு வருடத்துக்கு இரண்டு முறையாவது போவேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அவர் கிரிக்கெட் பற்றிப் பேசுவார், அல்லது தண்ணீர்க் குழாய் பற்றி. முதலில் அவர் போனார், அடுத்த வருடம் மதினியும். அந்த அதிகாரியும் இல்லை, குழுவில் சிரித்தவர்களும் இல்லை. நான் எண்பதை நெருங்குகிறேன்.

அந்தக் கதவின் அளவு தவறியது அவரால் அல்ல. அளந்தவன் நான். கண்ணாடியைத் தட்டி உடைத்தவனும், கல்லுக்கடியில் அதைக் குடைந்தபோது வாயைத் திறக்காமல் நின்றவனும் நான்தான். அவர் எனக்கும் ஒளிய ஓர் இடம் செய்து கொடுத்திருந்தார், ஐம்பது வருடம் அதற்குள் இருந்துவிட்டேன். இனி கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட யாரும் இல்லை. நானாகத்தான் வெளியே வர வேண்டியிருந்தது.